ஜன்னல் பீரியட்

இரண்டாம் வகுப்பு பி பிரிவில் சஸ்மிதாவை ஜன்னலோரத்திலிருந்து எழுப்பி எதிர்ச் சுவரோரமாக உட்காரவைத்த மறுநாள் காலை, ஜன்னலும் எதிர்ச் சுவருக்கு வந்துவிட்டிருந்தது. அதே நான்கு கம்பி, அதே பச்சைப் பெயிண்ட், மூன்றாவது கம்பியில் யாரோ எப்போதோ ஒட்டிய அதே பபிள்கம். பழைய இடத்தில் வெறும் சுவர் இருந்தது, வெள்ளையடித்து வருடங்களானது போல லேசான அழுக்கோடு. ரெஜினா மிஸ் வருகைப் பதிவை முடித்து, ஏழாம் வாய்ப்பாட்டைப் பலகையில் பாதி எழுதிவிட்டுத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தார். பார்த்ததும் சஸ்மிதாவின் டைரியை வாங்கிச் சிவப்பு மையில் எழுதினார்: "குழந்தை பாடத்தில் கவனம் செலுத்துவதில்லை. பெற்றோர் கவனிக்கவும்."

இதில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களின் ஊர். வீட்டுக்கு ஒருவர் ரிக் வண்டியில் ஒடிசாவுக்கோ சத்தீஸ்கருக்கோ போய், பத்து மாதம் பூமியைத் துளைத்துவிட்டு, மழைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடி கிளம்பிப் போகிறவர்கள், ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து பச்சை, கறுப்பு, வெள்ளை என்று புழுதி எழும்புவதைப் பார்த்தவர்கள், நாட்டுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொந்தத் தெருவில் டேங்கர் லாரிக்குக் குடம் வரிசை போடுகிறவர்கள். ஒரு ஜன்னல் இடம் மாறியதற்கெல்லாம் வாயைப் பிளக்க எங்களுக்கு நேரமில்லை. எங்கள் கவலையெல்லாம், ஜன்னல் இப்படி அலைந்துகொண்டிருந்தால் அரையாண்டுத் தேர்வில் பி பிரிவின் மதிப்பெண் என்ன ஆகும் என்பதுதான்.

சஸ்மிதாவின் அம்மா சுகந்தி அதே பள்ளிக்கூடத்து வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். யார் வீட்டு கேட்டில் நாய் கட்டியிருக்கும், யாரைத் தாத்தாவிடம்தான் ஒப்படைக்க வேண்டும், யார் மூன்றாவது வளைவில் வாந்தி எடுப்பான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கதவுக்குப் பக்கத்து ஒற்றை சீட் அவளுடையது. அந்தப் பக்கத்து ஜன்னலைப் போன வருடம் கழற்றிவிட்டுத் தகரம் அடித்து, வெளியே முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் படங்களையும் பள்ளிக்கூடத்து போன் நம்பரையும் ஒட்டியிருந்தார்கள். ஆகையால் காலையும் மாலையும் அவள் தகரத்தின் உள்பக்கத்துத் துருவைப் பார்த்துக்கொண்டே போய் வந்தாள். அவள் புருஷன், பள்ளித் தாளாளர் அர்த்தனாரியின் ரிக்கில் சத்தீஸ்கரில் இருந்தான். வேனுக்கும் ரிக்குக்கும் சேர்த்து மகளுக்குப் பாதிக் கட்டணம். பாதிக் கட்டணத்துப் பிள்ளைகளின் கவனக்குறைவு, முழுக் கட்டணத்துப் பிள்ளைகளுடையதைவிட எப்போதும் சீக்கிரம் கண்ணில் படும்.

அர்த்தனாரி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரும் ஒருகாலத்தில் ரிக்கில் துளைக்கிற ராடு மாட்டியவர்தான். இப்போது ஒன்பது ரிக்குகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார்.

"அரையாண்டுக்குள்ள புள்ள போர்டப் பாக்கோணும் சுகந்தி. இல்லீன்னா டி.சி.ய வாங்கிக்க. ஒரு புள்ளைக்காக நான் நெதமும் செவுரு பூசிட்டிருக்க முடியாது."

சுகந்தி தலையாட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை மிகச் சிறியது: தன் மகள் வேனில் சீட்டில் உட்கார்ந்து போகிறவளாக இருக்க வேண்டும், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளாக ஆகிவிடக் கூடாது. அதற்காக ஜூன் மாதத்திலிருந்தே எல்லாம் செய்துவந்தாள். வல்லாரைத் துவையல், வல்லாரை மாத்திரை, ஊறவைத்த பாதாம் நான்கு, கடைசி வீட்டு அக்கா சொன்னபடி சுவரில் கறுப்புப் பொட்டு ஒட்டிப் பத்து நிமிடம் இமைக்காமல் பார்க்கிற பயிற்சி. சஸ்மிதா வல்லாரையைச் சாப்பிட்டாள், பாதாமைத் தின்றாள், பொட்டைப் பத்து நிமிடம் என்ன, அரை மணிநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்தப் பொட்டின் ஓரத்தில் ஓர் எறும்பு ஏழுமுறை சுற்றி வந்ததாகச் சொன்னாள். அவளிடம் இருந்த குறை அதுதான். அவள் எதையும் பாதியில் விட்டுவிட்டுப் பார்வையை எடுக்கிறவள் அல்ல.

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அவள் பார்த்தது ஜாபரின் பஞ்சர் கடையை. ஜாபர் ட்யூபுக்குக் காற்றடித்து, அழுக்குத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்புவார். எங்கோ ஓரிடத்தில் குமிழி வரும். அவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே சஸ்மிதா கண்டுபிடித்துவிடுவாள். எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு இருந்தது, மூன்றாம் வகுப்பின் சுவரில் நல்ல பழக்கங்கள் என்ற படம் மாட்டியிருந்தது, ஆனாலும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜாபரும் தொட்டியும் குமிழியும்தான் தெரிந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு மிஸ் மட்டும் ரப்பர் சுடுகிற நாற்றம் வருவதாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

மேஸ்திரி சென்னியப்பனை வரவழைத்து ஜன்னலைக் கல் வைத்து அடைத்தார்கள். சஸ்மிதாவைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள், ஜன்னல் பின்சுவருக்கு வந்தது. மேஸ்திரி அதையும் அடைத்தார். முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள், கரும்பலகைக்கு ஒரு முழம் தள்ளி வந்தது. நான்கு நாளில் மேஸ்திரிக்கு இது பழகிவிட்டது. காலையில் வந்து, டீ குடித்துவிட்டு, இன்றைக்கு எங்கே என்று கேட்டுவிட்டுக் கலவை போட ஆரம்பித்தார். பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் எழுந்து எழுந்து பேசினோம். எங்கள் பிள்ளைகளுக்கும் ஜன்னல் ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டோம். வாட்ஸ்அப் குழுவில், பெயர் குறிப்பிடாமல், சில குழந்தைகள் என்று எழுதினோம். சுகந்தியும் அந்தக் குழுவில் இருந்தாள். அவளும் மற்றவர்களைப் போலக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

கடைசியில் நீரோட்டம் பார்க்கும் குப்பண்ணனை அழைப்பது என்று முடிவானது. எங்கள் ஊரில் அவரை அழைக்காமல் யாரும் ஒரு குழி தோண்டுவதில்லை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார், பூமிக்குள் நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். ஜன்னலும் ஒருவித ஓட்டம்தானே என்றார் அர்த்தனாரி. குப்பண்ணன் வகுப்புக்குள் சுவரோரமாக மூன்று சுற்று நடந்தார், பிள்ளைகள் காலை மடக்கி வழிவிட்டார்கள், வடமேற்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. நாளைக்கு இங்கேதான் வரும் என்றார். அன்று சாயங்காலமே அந்த இடத்தில் ஓர் இரும்பு பீரோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மறுநாள் ஜன்னல் அவர் சொன்னபடியே வடமேற்கு மூலையில், பீரோவின் கதவில் இருந்தது. குப்பண்ணனின் மதிப்பு இன்னும் கூடியது.

அர்த்தனாரி பீரோவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிறதைச் செய்தார். ஓரிடத்தில் கிடைக்கவில்லை என்றால் நாங்கள் அந்த இடம் சரியா என்று யோசிப்பதில்லை. இன்னும் இரண்டு ராடு இறக்குவோம். ஒரு ராடு இருபது அடி. அதிலும் கிடைக்கவில்லை என்றால் மேலும் இரண்டு. அவர் சஸ்மிதாவின் பெஞ்சை நான்கு சுவருக்கும் எட்டாத தூரத்தில், வகுப்பின் சரி நடுவில், டேப் வைத்து அளந்து போடச் சொன்னார். "இனி எங்க வருதுன்னு பாக்கறேன்" என்றார்.

அது தரையில் வந்தது. பெஞ்சுக்குக் கீழே, அவள் செருப்புக்கு நேராக, நான்கு கம்பியோடு.

தரைக்குக் கீழே ஜாபர் இல்லை. எட்டிப்பார்த்த எல்லாருக்கும் இருட்டுதான் தெரிந்தது. சஸ்மிதா மட்டும், வழக்கம்போல அவசரப்படாமல், இரண்டு முழு பீரியடுகள் குனிந்து பார்த்தாள். ரெஜினா மிஸ் எரிச்சலாகி, அங்கே அப்படி என்னதான் தெரிகிறது என்று கேட்டார். சரியாக அந்த நேரத்தில் அர்த்தனாரி வாசலில் நின்றிருந்தார்.

"கல்லுக்குள்ள தண்ணி போகுது மிஸ். மொதல்ல செவப்புக் கல்லு, அப்பறம் கறுப்புக் கல்லு, அதுக்குக் கீழ சந்து. சந்துல அந்தப் பக்கமா போகுது" என்று சமையல்கூடம் இருந்த திசையைக் கையால் காட்டினாள்.

பள்ளி வளாகத்தில் அதற்கு முன் மூன்று போர் போட்டிருந்தார்கள். கடைசியாகப் போட்டது ஆயிரத்து நூறு அடி, புழுதி தவிர ஒன்றும் வரவில்லை. அர்த்தனாரி போனை எடுத்தார். மதியம் ரிக் வந்து காம்பவுண்டுச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. சமையல்கூடத்துக்குப் பின்னால் ஏழாவது ராடில் தண்ணீர் பீய்ச்சி அடித்து, சமையல் குண்டாக்களை நிரப்பி, இரண்டாம் வகுப்பு வரை வழிந்து வந்து பிள்ளைகளின் புத்தகப் பைகளை நனைத்தது. பிள்ளைகள் கத்தினார்கள். நாங்கள் காம்பவுண்டுக்கு வெளியே நின்று, அழுதுகொண்டே அதைப் போனில் படம் பிடித்தோம்.

அன்று சாயங்காலம் சஸ்மிதாவின் டைரியில் எதுவும் எழுதப்படவில்லை. சுகந்தி பயந்துபோய்ப் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுவாரத்திலிருந்து சஸ்மிதா ஊரில் எல்லாருக்கும் தேவைப்பட்டாள். ராமலிங்கத்தின் மஞ்சள் காட்டுக்குத்தான் முதலில் கூட்டிப்போனார்கள். வகுப்பிலிருந்த அதே பெஞ்சை டெம்போவில் ஏற்றிக் காட்டின் நடுவில் போட்டு, அவளை உட்காரவைத்து, குடை பிடித்து, இளநீர் கொடுத்து, கீழே பார் என்றார்கள். அவள் பார்த்தாள். இரண்டு மணிநேரம் மண்தான் இருந்தது. துணைக்கு அனுப்பப்பட்டிருந்த ரெஜினா மிஸ், வந்ததற்கு ஒரு பாடமாவது முடிந்தால் நல்லது என்று புத்தகத்தைத் திறந்து, நமது உடல் உறுப்புகள் பாடத்தை ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் சஸ்மிதாவின் தலை குனிந்தது. ஐந்தாவது வரியில் மஞ்சள் செடிகளுக்கு நடுவே பச்சை ஜன்னல் திறந்துகொண்டது.

இப்படியாகத்தான் விதி தெரியவந்தது. பாடம் நடந்தால்தான் ஜன்னல் வரும். அதற்குப் பிறகு எங்கள் காடுகளில் ஒரு புதிய ஊர்வலம் வழக்கமானது. முன்னால் ரிக், அதற்குப் பின்னால் கம்ப்ரசர் வண்டி, அதற்குப் பின்னால் டெம்போவில் பெஞ்சு, கரும்பலகை, சஸ்மிதா, ரெஜினா மிஸ், ஒரு பெட்டி சாக்பீஸ். வெயிலில் வரப்போரமாகத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாங்கள் கைகட்டி நிற்க, உழாத காட்டின் நடுவில் மிஸ் உடல் உறுப்புகளைச் சொல்லிக்கொடுத்தார். குழந்தை குனிந்ததும் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். யாராவது இருமினால் அர்த்தனாரி திரும்பி முறைத்தார். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில், கணிதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜன்னல் பீரியட் என்று போட்டார்கள்.

சும்மா இருந்துவிடுகிறவர்கள் அல்ல நாங்கள். ஒரு குழந்தையால் முடிவது எங்கள் குழந்தைகளால் ஏன் முடியாது? வல்லாரை நிறுத்தப்பட்டது. பாதாம் நிறுத்தப்பட்டது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை, சுகந்தி பொண்ணப் பாரு, நீயும் இருக்கியே என்று திட்டினோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, அபாகஸ் வகுப்பு நடந்த மாடியில், ஜன்னல் பயிற்சி மையம் என்று போர்டு மாட்டினார்கள். சனி ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஐம்பது பிள்ளைகள் அங்கே டைல்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அவன் அப்பா அதை நல்ல அறிகுறி என்றார்.

அப்படி இருபத்தாறு போர் போட்டாயிற்று. இருபத்தேழாவதற்குப் போகும்போது ரெஜினா மிஸ் டெம்போவில் ஏறுவதற்கு முன் அர்த்தனாரியிடம் ஒரு சந்தேகம் கேட்டார். பாடம் மாற்றலாமா, திரும்பத் திரும்ப உடல் உறுப்புகளையே நடத்துகிறோமே, குழந்தைக்கு மனப்பாடம் ஆகிவிட்டதே என்றார்.

"எதை நடத்துனா என்னுங் மிஸ்" என்றார் அர்த்தனாரி, மிகுந்த மரியாதையோடு. "நீங்க எப்பவும் போல நடத்துனாப் போதும். அதுக்குத்தான உங்களையே அனுப்பறது."

ரெஜினா மிஸ் பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிறவர். டெம்போவில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக வந்தார்.

அன்றைக்குப் போனது அர்த்தனாரியின் சொந்தக் காட்டுக்கு, நாற்பது ஏக்கர். மிஸ் பலகையில் எதுவும் எழுதவில்லை. புத்தகத்தை மூடிப் பெஞ்சில் வைத்தார். சஸ்மிதாவின் முன்னால் மண்ணில் சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்து, மேலே பார்த்தார். மலைக்குமேல் ஒரே ஒரு மேகம் நின்றுகொண்டிருந்தது. இந்த மேகம் போன வாரம் எங்கே இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். கடலில் இருந்தது என்றார். கடலில் எந்த மீனின் முதுகுக்குமேல் இருந்தது, எப்படி யாருக்கும் தெரியாமல் எழுந்தது, ராத்திரி எந்த ஊரைத் தாண்டும்போது குளிர்ந்து நடுங்கியது என்றெல்லாம், பாடத்தில் இல்லாததை, தனக்கே தெரியாததை, அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். மிஸ் ஆரம்பித்ததுமே பழக்கத்தில் குனிந்துவிட்ட குழந்தையின் காலடியில் ஜன்னல் பாதி திறந்திருந்தது. சஸ்மிதா முகவாயைத் தூக்கினாள். மேலே பார்த்தாள், எப்போதும்போல அவசரப்படாமல்.

"அந்த மேகம் எத்தன ராடு ஒசரம் மிஸ்?"

"தெரியலயே கண்ணு. எண்ணிப் பாக்கலாமா?"

ரிக்கில் நின்றிருந்த ஆட்கள் தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் இருநூறு ராடு இருக்கும் என்றான். இன்னொருவன், நாசமாப் போச்சு, முந்நூறுக்குக் குறையாது என்றான். மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப் இறக்க வேண்டியதில்லை, நடுவில் பாறை இல்லை, ஒரே நாளில் போய்விடலாம் என்று மூன்றாமவன் கணக்குச் சொன்னான். வரப்பில் நின்ற நாங்களும், கொஞ்ச நேரம், என்ன காரியமாக வந்தோம் என்பது மறந்து, மேலேயே பார்த்துக்கொண்டு நின்றோம். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அர்த்தனாரி ஒருவர்தான். அவர் கண்ணெதிரே ஜன்னல் ஓரத்திலிருந்து மண் சரிந்து, நான்கு கம்பிகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

டைரியில் எழுத ரெஜினா மிஸ் மறுத்துவிட்டார். அர்த்தனாரி தானே எழுதினார். எழுதிப் பழகாத கை, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன: "குழந்தை ஜன்னலில் கவனம் செலுத்துவதில்லை. பெற்றோர் கவனிக்கவும்." திங்கட்கிழமைக்குள் கவனம் கீழே வரவில்லை என்றால் டி.சி. என்று வேன் டிரைவரிடம் வாயால் சொல்லி அனுப்பினார்.

சுகந்தி இரண்டு நாளும் தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். மகளின் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துப் பரணில் வைத்தாள். சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைச் சுரண்டித் தரையில் ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு கெஞ்சினாள்.

"கொஞ்சம் கீழ பாரு சாமி. அம்மாவுக்காக. நாளைக்கு ஒரு நாளு."

"கீழ பாத்தாச்சும்மா. தண்ணி எல்லாம் போயிருச்சு, சந்து மட்டுந்தான் இருக்குது" என்றாள் சஸ்மிதா. "மிஸ் சொல்றதுதான் இப்ப நல்லாருக்குது."

திங்கட்கிழமை அவள் முதுகை நேராக்கி, கையைக் கட்டி, பலகையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஜூன் மாதத்தில் நாங்கள் எல்லாரும் கேட்டபடியே உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்னாள். மதியம் அவளுடைய டி.சி. தயாரானது. நடத்தை என்ற இடத்தில் நன்று என்றும், விலகும் காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்றும் இருந்தது. ரெஜினா மிஸ்ஸை எல்.கே.ஜி.க்கு மாற்றினார்கள். சுகந்தி, மகளை ஒன்றியப் பள்ளியில் சேர்த்துவிட்டு, மறுநாள் அதே வேனில் ஏறினாள். எந்தப் பிள்ளையை எந்த கேட்டில் இறக்குவது என்பது வேறு யாருக்கும் தெரியாததால் அவளை மட்டும் நிறுத்த முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஜன்னல் பீரியட் நிற்கவில்லை, இரண்டு மணிநேரமாக நீண்டது. ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, எண்ணூறு பிள்ளைகள் சத்தமில்லாமல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தன் பணிக்காலத்தில் இவ்வளவு கவனத்தைப் பார்த்ததில்லை என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். சமையல்கூடத்துப் போரில், ஆழப்படுத்த ஆழப்படுத்த, தை மாதம் தண்ணீர் இருபதாவது ராடுக்கு இறங்கியது, மாசியில் காற்று மட்டும் வந்தது. டேங்கர் மறுபடி வர ஆரம்பித்தது. எங்கள் காடுகளிலும் அப்படியே. நாங்கள் இன்னும் இரண்டு ராடு இறக்கினோம்.

பங்குனியில் ஒரு காலை. வேன் நிறைந்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் இப்போது வேனிலும் தலையைக் குனிந்தபடியே வந்தார்கள், ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒரு சத்தம் கிடையாது, வாந்தி எடுக்கிறவன்கூட ஓசையில்லாமல் எடுத்தான். சுகந்தி தன் ஒற்றை சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, ஜாபர் ஒரு லாரி ட்யூபைத் தொட்டியில் முக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாபர் ட்யூபை ஒரு சாண் திருப்பினார். இன்னும் வரவில்லை. இன்னொரு சாண் திருப்பினார். பள்ளிக்கூட கேட் வந்து வேன் நின்றது, அவள் எழுந்து கதவைத் திறக்கவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

"அக்கா, கவனத்த எங்க வெச்சிருக்க? எறக்கி விடு, மணி அடிச்சாச்சு."

"இருடா" என்றாள் சுகந்தி.

வால்வுக்குப் பக்கத்தில், ஊசி முனை அளவுக்கு, ஒரு குமிழி வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கடைசிப் பையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான், தன் சீட்டுக்குப் பக்கத்தில் போன வருடமே தகரம் அடித்துவிட்டார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்தது. தகரம் இருந்த இடத்தில் நான்கு பச்சைக் கம்பிகள் இருந்தன, மூன்றாவதில் பபிள்கம் இருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. உட்கார்ந்து, ஜாபர் அடுத்த ட்யூபை எடுப்பதற்காகக் காத்திருந்தாள்.